நிலக்கரிச் சுரங்கத்தில் இரண்டு ஆன்-கால்

ஆபீஸ் எந்த நேரமும் கூப்பிடுவதற்கான ஆன்-கால் ஃபோனைக் கையில் பிடித்தபடி நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே ரமேஷ். அவன் கையிலும் ஃபோன்.

ஜெர்சி சிட்டியில் ஒரு பேங்குக்கு நாங்கள் இருவரும் புரொடக்‌ஷன் சப்போர்ட். சிஸ்டம் படுத்தால் தட்டி எழுப்புவதுதான் தொழில். இருவருமே கான்ட்ராக்ட். அடுத்த மாதத்திலிருந்து ஒருவருக்குத்தான் பட்ஜெட் என்று மேனேஜர் வசந்தி மேடம் சொல்லியிருந்தார். யாருக்கு என்று சொல்லவில்லை. அங்கேதான் வந்தது வினை. சிஸ்டத்தில் கோளாறு என்று ஃபோனில் ஒரு அலர்ட் வந்தால் போதும், முந்திக்கொண்டு பாய்வோம். நான் மாற்றி வைத்ததை அவன் மாற்றுவான், அவன் மாற்றியதை நான் திரும்ப மாற்றுவேன். எனக்குக் கிரீன் கார்டு வரவில்லை. வேலை போனால் குடும்பத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். அவனுக்கும் அதே கதைதான்.

டீம் அவுட்டிங் என்று பென்சில்வேனியாவில் ஒரு பழைய சுரங்கத்துக்குப் பஸ் போட்டார்கள். இப்போது அது மியூசியம். "யாராவது ஒருத்தர் ஆபீஸ்ல இருங்க, நீங்களே பேசி முடிவு பண்ணிக்கோங்க" என்றார் மேடம். பேசினால்தானே? அவன் ஒரு நாள் முழுக்க மேடம் காதருகே உட்கார்ந்தால் என் கதை முடிந்தது. அவனும் அதையே யோசித்திருக்கிறான். "ஃபோன்லயே பாத்துக்கறேன் மேடம்" என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டு இருவரும் பஸ் ஏறிவிட்டோம்.

மியூசியம் என்றால் கண்ணாடிப் பெட்டியும் ஏசியும் இருக்கும் என்று நம்பினேன். தலையில் ஹெல்மெட்டை மாட்டி, குட்டி ரயிலில் ஏற்றி, மலையின் வயிற்றுக்குள் கொண்டுபோனார்கள். சிக்னல் செத்தது. சிக்னல் எங்கே கிடைக்கும் என்று தாடிக்கார கைடைக் கேட்டேன். வெளியே என்றார்.

அந்தக் காலத்து இருட்டு எப்படி இருக்கும் என்று காட்ட, எல்லா விளக்கையும் அணைத்தார். அந்த இருட்டில் இரண்டு ஃபோன் மட்டும் நீலமாக எரிந்தது.

"செல்வம், ரமேஷ், ரெண்டு பேரும் அதை உள்ள வெச்சுத் தொலைங்க" என்றது மேடம் குரல். "ஒரு நிமிஷம் எங்களை இருட்டைப் பாக்க விடுங்க."

வைத்தோம். முருகா, சிஸ்டம் விழக்கூடாது என்று முணுமுணுத்தேன். பக்கத்தில் ரமேஷ் பிள்ளையாரிடம் அதையே கெஞ்சிக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் இருவரும் ஓடிப்போய் ஃபோனைத் தூக்கிப் பிடித்தோம். ஒரு அலர்ட் கூட இல்லை. சந்தோஷத்தில் கட்டிப் பிடித்துக்கொண்டோம்.

மேடமும் தன் ஃபோனைப் பார்த்தபடி வந்தார். "காலைலேர்ந்து நீங்க ரெண்டு பேரும் எதையும் தொடலைல்ல?"

"இல்ல மேடம்."

"இந்த மாசத்துலயே இன்னிக்குத்தான் க்ளீனா ஓடியிருக்கு. அப்ப தினமும் வர்ற அலர்ட்டெல்லாம் எங்கேர்ந்து வருது?"

மியூசியம் வாசல் கடையில் விற்பனைக்கு வைத்திருந்த கரித்துண்டுகளை நாங்கள் மிகுந்த அக்கறையோடு பார்க்க ஆரம்பித்தோம்.

திரும்பும்போது ரமேஷ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அண்ணே, சேந்து ஒண்ணு வேண்டிக்கலாமா?"

"என்னன்னு?"

"வீடு போய்ச் சேர்றதுக்குள்ள சிஸ்டம் ஒரு தடவையாவது விழணும்."

மனதார வேண்டிக்கொண்டோம். பாழாய்ப்போனது விழவே இல்லை.

திங்கட்கிழமை மேடம் அந்த ஒரு வேலையை இரண்டாகக் கிழித்தார். காலையில் நான், மதியம் அவன். மீதி நேரத்துக்கு ஆளுக்கொரு வேறு ப்ராஜெக்ட். ஒருவர் நேரத்தில் மற்றவர் கை வைக்கக் கூடாது. அலர்ட் பாதிக்கு மேல் குறைந்தது. எங்கள் தலையும் தப்பியது.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். போட்டி போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இருவரும் ஒரே நாளில் காணாமல் மட்டும் போய்விடாதீர்கள். நீங்கள் இல்லாமல் ஆபீஸ் எப்படி ஓடுகிறது என்று யாராவது பார்த்துவிடுவார்கள்.