தேவதையின் மணிக்கட்டு

காக்கை இறகைச் சீவி, முனையை நாக்கில் தொட்டுப் பார்த்த பிறகுதான் ஜேபஸ் தார்லி அதை மையில் தோய்ப்பார். அதனால் அவர் உதடு எப்போதும் கறுப்பு. லண்டனில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார். கவிதைப் புத்தகங்களில் வரும் குட்டித் தேவதைகளை வரைவதுதான் பிழைப்பு. சிறகுக்கு மாதிரியாக, ஜன்னலோரம் செத்துக் கிடக்கும் தேனீக்களைப் பொறுக்கிப் புகையிலை டப்பாவில் வைத்திருக்கிறார். "அசையாம இருக்கற ஆளுங்க இவங்கதான்" என்பார்.

உடம்புக்கு மட்டும் மனைவி டார்க்கஸ். மெல்லிய துணியைப் போர்த்திக்கொண்டு, கையை நீட்டியபடி உட்கார்ந்திருப்பாள். "வெங்காயம் நறுக்குற கை இது. இதைப் பாத்துட்டு சீமாட்டிங்க உருகுறாங்களாம்!" என்று சிரிப்பாள். சிரித்தால் இருமல் வந்துவிடும். இரண்டு குளிர்காலமாக அந்த இருமல் அவளைத் தின்றுகொண்டிருக்கிறது.

அவள் இளைக்க இளைக்க அவர் படங்களுக்குப் பெயர் ஏறியது. பதிப்பாளர் விட்லோ படியிறங்கும்போது என்னிடமே சொன்னார்: "என்ன நளினம் பாத்தீங்களா! காத்துல பறந்துரும் போல இருக்கு!" அந்த மனிதரைப் படியிலிருந்து தள்ளிவிடலாமா என்றிருந்தது எனக்கு. பாவம், அவருக்கு என்ன தெரியும்?

இந்த மார்ச் மாதம் தார்லி ஒரு காரியம் செய்தார். தேவதைகளின் அரசியை, கல்யாணமான புதிதில் இருந்த டார்க்கஸைப் போல, உருண்ட தோளும் சதைப்பிடிப்பான கையுமாக வரைந்துவிட்டார்.

"யாருங்க இவ? ரொட்டிக்கடைக்காரி மாதிரி இருக்கா" என்றாள் டார்க்கஸ்.

"நீதாண்டி. வெயில் வந்ததும் இப்படி ஆயிருவே."

அவள் போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டாள்.

நேற்று மத்தியானம் நான் சூப் எடுத்துக்கொண்டு போனபோது அந்தப் படம் திரும்பி வந்திருந்தது. ஓரத்தில் விட்லோவின் பென்சில் குறிப்பு: அரசி கனமாக இருக்கிறாள், பழையபடி மெலிதாக வேண்டும்.

"முடியாதுன்னு சொல்லிடுங்க" என்றேன்.

"சொல்லிட்டா இவ மருந்துக்கு நான் எங்க போவேன்?"

தாளில் ஏறிய மையைக் கத்தியால் சுரண்டித்தான் எடுக்க முடியும். டார்க்கஸ் தானாகவே போர்வையை விலக்கிக் கையை நீட்டினாள். "பாத்துக்கோங்க. இப்ப இருக்கற மாதிரிதானே கேக்குறாங்க?"

தார்லி கத்தியைத் தாளருகே கொண்டுபோனார். பிறகு கீழே வைத்துவிட்டு எழுந்து போய், அவளுடைய சட்டைக்கையை விரல்நுனிவரை இழுத்துவிட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தவர், அவள் பக்கம் பார்க்காமலே, படத்து அரசியின் மணிக்கட்டிலிருந்து சுரண்ட ஆரம்பித்தார்.