பந்துக்குப் பின்னால் இல்லாத கரடி

பனியனில் அச்சடிக்கும் படத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது எங்கள் தொழில். அதில் வரைவது கால்வாசி, மீதி முக்கால்வாசி திருத்தம் கேட்பது. இதே நாற்காலியில் உட்கார்ந்து முதுகு போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த முறை படம் ஒரு கரடிக்குட்டி, வயிற்றோடு ஒரு பந்தை அணைத்தபடி. குழந்தைகள் பனியன், வாங்குகிற பையர் புதியவர். சனிக்கிழமை மாலை ஐந்து மணி கூரியரில் சாம்பிள் போகாவிட்டால் ஆர்டர் வேறு யூனிட்டுக்குப் போய்விடும். மண்ணரையில் எங்கள் பிரிண்டிங் யூனிட்டுக்கு அந்த சீசனில் வேறு பெரிய வேலை இல்லை.

டேப்பு

புதன்கிழமை முதலாளி ரங்கசாமி வந்து தையல் டேப்பை என் திரைமேல் வைத்துக் கரடியை அளந்தார். ஆறு இஞ்ச் சொன்ன கரடி ஒன்பது இஞ்ச் இருந்தது. திரையில் பெரிதாக்கிப் பார்க்கிறோம், ஃபைலில் ஆறுதான் என்று அளவைக் காட்டினேன். அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “கம்ப்யூட்டரு பொய் சொல்லுமுங்ணா, டேப்பு சொல்லாதுங்க.”

நீலக்கோடு

கைடு என்பது படம் நடுவில் இருக்கிறதா என்று பார்க்கத் திரையில் இழுத்து வைக்கும் நீலக்கோடு. அச்சில் வராது. கரடியின் மூக்கு வழியாக ஒன்று, காதுகளுக்கு மேல் ஒன்று என வைத்துவிட்டு, வியாழக்கிழமை டீ குடிக்கப் போனேன். கோட்டை மறைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

அந்தப் பத்து நிமிடத்தில் ஜெயராணி செல்போனில் திரையைப் படம் எடுத்து பையருக்கு அனுப்பிவிட்டாள். ஆர்டர் தந்த கம்பெனியின் மெர்ச்சண்டைசர் அவள், பையருக்கும் எங்களுக்கும் நடுவே ஓடுகிறவள். தூத்துக்குடிக்காரி, கெட்டிக்காரி, அவசரக்காரி. பதில் வந்ததும் என்னிடம் ஓடிவந்தாள்: “கரடி ரொம்பப் பிடிச்சிருக்காம் அண்ணாச்சி, அந்த நீலக்கோட்டுக்கு மட்டும் ஷேடு நம்பர் கேக்காவ!”

வயிறு

கோடு விவகாரம் தீர வெள்ளிக்கிழமை ஆயிற்று. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜெயராணி மறுபடி வந்தாள். பந்து வேண்டாமாம், கரடி மட்டும் போதுமாம்.

ஒரு வண்ணத்தின் மேல் இன்னொன்று ஏறினால் பிரிண்ட் தடித்துவிடும் என்பதால், பந்துக்குப் பின்னால் மறையும் கரடியை ட்ரிம் செய்திருந்தேன், அதாவது வெட்டி எடுத்திருந்தேன். வெட்டுவதற்கு முன் ஒரு நகல் வைக்க வேண்டும். புதிதாக வருகிற எல்லாரிடமும் நான் முதலில் சொல்வது அதைத்தான். நான் வைக்கவில்லை. பந்தை எடுத்ததும் கரடியின் வயிற்றில் வட்டமாக ஓர் ஓட்டை. ஒரு கை முழங்கையோடு நின்றது.

ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. முப்பது வருடம் செய்த வேலையில் ஒரு பொய்யை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ஆனால், சொல்லிவிட்டு நாளைக்கும் இதே நாற்காலியில் நான்தானே உட்கார வேண்டும். நான்தான் வெட்டினேன், நகல் இல்லை என்றேன். பின்னால் வந்து நின்றிருந்த ரங்கசாமி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தவர் நிஜமான சந்தேகத்தோடு கேட்டார்: “ஏனுங்ணா, பந்து புடிச்சிருந்தா கரடிக்கு வகுறு இருக்காதுங்களா?”

பாஸ்

வயிற்றையும் கையையும் புதிதாக வரைந்தேன். முதலில் வரைந்த கை எப்படி இருந்தது என்று ஞாபகம் வரவில்லை. தொங்கவிட்டால் சோகமாக இருந்தது. தூக்கினால் பஸ்ஸை நிறுத்துவதுபோல் இருந்தது. கடைசியில் வயிற்றைத் தடவிக்கொள்வதுபோல் வைத்தேன். ஒரு மணிக்கு ஃபிலிம், மூன்றுக்கு ஸ்கிரீன், நாலே காலுக்குப் பனியன். மை சூடு ஆறும் முன்பே ஜெயராணி மடித்துக் கவரில் போட்டு, வண்டியில் பறந்தாள்.

அடுத்த வாரம் சாம்பிள் பாஸ் ஆகி, ஆர்டர் எங்களுக்கே வந்தது. எனக்குச் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகம். அவசரத்தில் வரைந்த கரடி, மூன்று நாள் யோசித்து வரைந்ததைவிட நன்றாக இருந்தது. அதையும் ஜெயராணி விடவில்லை: “இதையே புதன்கிழமை வரைஞ்சிருந்தா நாலு நாள் நிம்மதியா சோறு தின்னுருப்பேம்லா அண்ணாச்சி!”

இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது, யார் கண்ணிலும் படாது என்று எதை வெட்டிப் போடுகிறோமோ, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அதைத்தான் கேட்பார்கள் என்பதே.