ஓல்ட்ரிஹின் செம்புச் சுருள்

வினிகரில் உப்பைக் கரைத்து, பழைய காலுறை ஒன்றை அதில் நனைத்து, செம்புக் குழாய்ச் சுருளை அடி வளையத்திலிருந்து தேய்த்துக்கொண்டு வருகிறார் ஓல்ட்ரிஹ். ஒரு வளையம் தேய்ப்பார், நிறுத்துவார். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, "மாதாவே, போதும்" என்பார். அப்புறம் அடுத்த வளையம்.

இடம், எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எல்லாருக்கும் பொதுவான துணி துவைக்கும் அறை. குளிர்காலச் சனிக்கிழமையில் அங்கே சோப்பு வாசனை அடங்கி, முளைகட்டிய பார்லி வேகும் வாசனை படியேறி வந்தால், ஓல்டா (ஓல்ட்ரிஹை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) பீர் காய்ச்சுகிறார் என்று ஐந்தாம் மாடிவரை தெரிந்துவிடும். அன்றைக்கு அவர் உட்கார்ந்து சாப்பிட மாட்டார். ரொட்டியில் பன்றிக்கொழுப்பைத் தடவி, மேலே வெங்காயம் வைத்து, அடுப்புப் பக்கத்திலேயே நின்றபடி மெல்லுவார். மர அறுப்பு ஆலையில் பலகை தள்ளித் தள்ளி மணிக்கட்டு தேய்ந்துபோன மனிதர். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர் மாதிரி எப்போதும் தோளைத் தொங்கப்போட்டிருப்பார். ஒரு வேடிக்கைக்கு அவர் சிரிக்கத் தொடங்கும்போது மற்றவர்கள் சிரித்து முடித்திருப்பார்கள்.

பீர் காய்ச்சுகிறவர்களுக்கெல்லாம் இருக்கும் தலைவலிதான் அவருக்கும். கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்த பார்லிச் சாறு சட்டென்று ஆற வேண்டும். சுருளை அதற்குள் இறக்கி, அதன் குழாய்க்குள் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட வேண்டும். செம்பென்றால் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். எவர்சில்வர் அப்படியில்லை, ஆற அமரத்தான் வாங்கும். அதற்குள் சாற்றில் முட்டைக்கோஸ் வெந்த நாற்றம் ஏறிவிடும்.

போன குளிர்காலத்தில் ஏறிவிட்டது. கை வலி தாங்காமல், இரண்டாம் மாடி ராடிமின் எவர்சில்வர் சுருளை இரவல் வாங்கிப் போட்டார். தீயணைப்புத் தொண்டர்களின் நடன விழாவில் குலுக்கல் பரிசாக ஓல்ட்ரிஹின் பீப்பாயை வைப்பது வழக்கம். பரிசு விழுந்த தபால்காரி அரைக் கோப்பை குடித்துப் பார்த்துவிட்டு, மிச்சத்தைத் தன் அண்ணன் வீட்டுப் பன்றிகளுக்கு ஊற்றினாள். அதை மறைக்கவும் இல்லை.

இந்த வருஷம் கடையில் பார்த்தபோது தீயணைப்புத் தலைவர் ஓல்ட்ரிஹின் மனைவி யார்மிலாவிடம், "பீப்பாய்க்குப் பதிலா ஒரு சாசேஜ் கூடை வச்சுக்கலாமே, அவருக்கும் எதுக்குச் சிரமம்?" என்று கேட்டுவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து ஓல்டா சரியாகத் தூங்கவில்லை. இந்தத் தடவை காய்ச்சுவதும் கெட்டால் அடுப்பை விற்றுவிடுவேன் என்று சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிறவர்.

ராடிம் வந்து வாசல் நிலையில் சாய்ந்தான்.

"என்னடா ஓல்டா, கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்வளவு அலங்காரம் பண்ண மாட்டாங்க."

"வந்தமா போனமான்னு இரு."

"என் சுருளை எடுத்துக்கயேன். தண்ணியில அலசி ஆணியில மாட்டுனா தீந்துது வேலை."

"பன்னிக்குக் காய்ச்சணும்னா உன்கிட்ட வரேன்."

"சரி, செம்பே போடு. ஆனா எதுக்குத் தேய்க்கிறே? பச்சையா களிம்பு பிடிச்சிருந்தா தேய்க்க வேண்டியதுதான். இது வெறும் பழுப்புடா. சாறுல இருக்கிற புளிப்பே அதைக் கழட்டிடும்."

"அழுக்குக் கரண்டியை சூப்புல விடுவியா நீ?"

"எங்க வீட்ல விட்டிருக்காங்க. நான் உயிரோடதான் இருக்கேன்."

ஓல்டா அடுத்த வளையத்துக்குப் போனார். செம்பு பளபளத்தால்தான் சுத்தம் என்று யார் அவருக்குச் சொன்னார்களோ தெரியாது. எத்தனை குளிர்காலமாகவோ ஒவ்வொரு தடவை காய்ச்சுவதற்கும் முன்னால் அந்தச் சுருளைக் கண்ணாடி மாதிரி ஆக்காமல் அவர் இறக்கியதே இல்லை.

யார்மிலா படியிறங்கி வந்தாள். "சாறு கொதிச்சுப் பொங்குது, நீ இன்னும் பாதியில நிக்கிறே. குடுய்யா, நான் தேய்க்கிறேன்."

"நீ தொடாதே."

"நானும் தொடக்கூடாது, எவர்சில்வரும் ஆகாது. கை மட்டும் இரும்புல செஞ்சு வந்திருக்கா உனக்கு?"

அவர் இன்னொரு வளையம் தேய்த்தார். விரல்கள் மடங்க மறுத்துவிட்டன. காலுறை நழுவித் தரையில் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர், எடுக்காமலே நிமிர்ந்தார். கொதி முடியக் கால் மணி நேரம் முன்பே சுருள் உள்ளே இறங்கி, கிருமி சாகச் சாற்றோடு கொதித்தாக வேண்டும். கீழ்ப்பாதி தங்கம் மாதிரி மின்னியது. மேல்பாதி பழைய செருப்பு நிறம். சுருளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாயை இறுக்கிக்கொண்டு அப்படியே கொதிக்கும் சாற்றில் இறக்கினார்.

கால் மணி நேரம் கழித்து அடுப்பை அணைத்துத் தண்ணீரைத் திறந்தார்கள். வெளியே பனி, குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி வந்தது. இரண்டு சிகரெட் பிடிக்கும் நேரத்துக்குள் அண்டாவின் வெளிப்புறத்தில் கை வைக்க முடிந்தது. யார்மிலா குனிந்து மோந்தாள். "ரொட்டி வாசனைதான் வருது. முட்டைக்கோஸ் இல்ல."

ராடிம் சுருளைத் தூக்கினான். மேலும் கீழும் ஒரே மினுக்கம். எது தேய்த்த பாதி, எது தேய்க்காத பாதி என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

"பாத்தியாடா?" என்றான் ராடிம். குரலில் கேலி இல்லை.

ஓல்ட்ரிஹ் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தனை வருஷமா..." என்றார்.

"தலைவர்கிட்ட என்ன சொல்லட்டும்? கூடையா, பீப்பாயா?" என்று கேட்டாள் யார்மிலா.

"பீப்பாய்னு சொல்லு."

சுருளின் சூட்டை வாங்கி வெளியே வந்த தண்ணீர் துவைக்கும் தொட்டியில் ஆவி பறக்க நிறைந்திருந்தது. அவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, சட்டைக் கைகளை மடக்காமலே, இரண்டு மணிக்கட்டுகளையும் அந்த வெந்நீருக்குள் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.