ஒரு மிடறு தண்ணீர்

ராத்தாவின் வீட்டில் தண்ணீர் ஜக் அலுமாரிக்கு மேல் இருந்தது. நுரைச்சோலையில் சீமெந்து வேலை முடிந்து, அடுத்து எங்கே போவதென்று தெரியாமல் ஆலங்குடாவில் என் மூத்த சகோதரியிடம் போய் இறங்கிய பகல் அது. வெயிலில் நடந்து வந்தவன் தண்ணீர் கேட்டேன். ராத்தா கதிரையில் ஏறி ஜக்கை இறக்கினார். என்னைக் குசினிக்குப் பின்னால் கூட்டிப் போய், அங்கே நின்று குடிக்கச் சொன்னார். உள்ளே அவருடைய ஏழு வயது மகள் படுத்திருந்தாள்.

பிள்ளையின் தொண்டையில் கட்டி வந்து கொழும்பில் வெட்டி எடுத்திருந்தார்கள். கட்டி போனது, விழுங்கும் வலுவும் அதோடு போனது. தண்ணீர் போல ஓடுகிற எதுவும் வழி தவறி நெஞ்சுக்குள் இறங்கிவிடும், தடித்த கூழ் என்றால் மெல்லப் போகும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ராத்தா அரிசியைக் குழைய அவித்து, மசித்து, கரண்டி நுனியில் ஊட்டுவார். தலையைக் குனியவைத்து, நாடியை நெஞ்சோடு சேர்த்து வைத்து, ஒரு வாய்க்கு இரண்டு தரம் விழுங்கச் சொல்வார். காலையில் தொடங்கிய கோப்பை முடிவதற்குள் மதிய லுஹர் பாங்கு சொல்லிவிடும். கூழுக்குத் தாகம் அடங்குமா? "உம்மா, ஒரு மிடறு" என்று பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கும். குரல் வெறும் காற்றாகத்தான் வரும். தொண்ணூறில் எங்கள் ஆட்களை விரட்டி, மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்தபோது ராத்தாவுக்கும் அந்த வயதுதான். தண்ணீர் கேட்டுக் கடல் முழுக்க அழுதவர் அவர்.

பக்கத்து வீட்டு மாமி, கல்லு மனசுக்காரி என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ராத்தாவின் காதில் விழும்படி சொன்னார். ராத்தா திரும்பிப் பார்க்கவில்லை. "ஓம் மாமி, நீங்க குடுங்க. பொறகு ஆஸ்பத்திரிக்கும் நீங்களே தூக்கிட்டுப் போங்க."

கொடுத்தும் விட்டார்கள். அந்த மாமி அல்ல, தெருவின் கடைசி வீட்டுக்குப் புதிதாக வந்த பெண். அவருக்கு விசயம் தெரியாது. வாசலில் ஒரு பிள்ளை வந்து நின்று தண்ணீர் கேட்டால் எங்கள் ஆட்களில் யார் இல்லை என்பார்கள்? கிளாஸ் நிறையக் கொடுத்திருக்கிறார். அன்று பிடித்த காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, புத்தளம் ஆஸ்பத்திரி, பிறகு கொழும்பு. திரும்பி வந்தபோது பிள்ளையின் வயிற்றில் குழாய் இருந்தது. இனி வாயால் ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்றார்கள். கூழும் நின்றது. அந்தப் பெண் வந்து அழுதார். ராத்தா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினார்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ ஊர் போய்விட்டேன். போன நோன்புக்குத்தான் மறுபடி வந்தேன். பிள்ளை என் தோளுக்கு வளர்ந்திருக்கிறாள். குழாய் அப்படியே இருக்கிறது. மாறும் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்டதும் நாங்கள் பேரீச்சம்பழத்தை எடுத்தோம். அவள் குழாயின் மூடியைத் திறந்து, தானே தண்ணீர் ஊற்றினாள். பிறகு அந்தக் காற்றுக் குரலில் கேட்டாள்:

"வாயில படாம நோன்பு தொறந்தா கூடுமா உம்மா?"

"கூடும் மகள்" என்றார் ராத்தா. விரலைத் தண்ணீரில் நனைத்து அவள் உதட்டில் ஒரு தரம் தடவினார். அவள் நாக்கை நீட்டுவதற்குள் சீலைத் தலைப்பால் அதைத் துடைத்துவிட்டார்.