மரநாய் போனால் மொட்டை

உருளைக்கிழங்கு வேகிற வாசம் அடித்தால் பக்கத்தில் நல்ல பாம்பு இருக்கிறது என்று ஐம்பத்திரண்டு வயது வரை நம்பிய ஆள் நான். பாஸ்மதி அரிசி வேகிற வாசம் அடித்தால்? அது இன்னும் பெரிய பாம்பு என்று நானே முடிவு செய்துகொண்டேன்!

இரண்டு மாதம் முன்பு ஒரு மத்தியானம். ஷீட் கூரை போட்ட எங்கள் படுக்கையறையில் கமகமவென்று பிரியாணி அரிசி வாசம். அடுப்படியிலோ வெறும் ரசம். மேலே ஃபால்ஸ் சீலிங்கில் சர... சர...

துள்ளிக் கட்டில்மேல் ஏறிவிட்டேன். பாம்பு மேலே இருக்கும்போது கட்டிலில் ஏறினால் அதற்கு இன்னும் பக்கத்தில்தான் போகிறோம் என்பது அப்போது உறைக்கவில்லை.

“ஆத்தா! மேல இருக்கது யாரையும் தீண்டாம தானாப் போயிட்டா மொட்டை போடுறேன்!”

சத்தமாக வேண்டியதுதான் தப்பு. வாசலில் என் மனைவி செல்வி.

என் முடியின் அருமை உங்களுக்குத் தெரியாது. கல்லூரிக் கூட்டாளிகள் முப்பது வருஷம் கழித்துத் தேனியில் கூடுவதாக இருந்தோம். அதற்காகவே டை அடித்து, எண்ணெயை மாற்றி, மிச்சமிருந்ததைப் பொத்திப் பொத்தி வளர்த்துக்கொண்டிருந்தேன்.

பாம்பு பிடிக்கிற பாண்டி வந்தார். சீலிங் பலகை ஒன்றை நகர்த்தி, டார்ச் அடித்துப் பார்த்துச் சிரித்தார்.

“பாம்பு இல்லண்ணே, மரநாய். அங்கன பாருங்க, மூணு குட்டிக்குப் பால் கொடுத்துட்டுக் கெடக்கு. வாசம் அதோட வாலடியில இருந்து வருது.”

“சோத்து வாசமா?”

“ஆமாண்ணே. பகல் பூரா தூங்கும். இருட்டுனா திராட்சைப் பந்தலுக்குப் போயி பழம் திங்கும். காம்பவுண்டு சுவத்துல கொட்டை கொட்டையாக் கெடக்கே, அது யாரு வேலைன்னு நெனச்சீக?”

பக்கத்து வீட்டுக்காரர் வைத்த செய்வினை என்று நினைத்திருந்தேன்.

“பாம்பே இல்ல... அப்ப வேண்டுதலும் இல்ல!” என்றேன் செல்வியிடம்.

“பாம்புன்னா வேண்டுனீக? மேல இருக்கதுன்னுதான வேண்டுனீக. நான் கேட்டேன். ஆத்தாளும் கேட்டிருப்பா.”

வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள்! ஆனால் எனக்கும் ஒரு பாயிண்ட் கிடைத்தது. அது போனால்தானே மொட்டை? போகாவிட்டால்?

அன்று முதல் மரநாய்க்கு நான் வேலைக்காரன். சாயங்காலமானால் சுவர்மேல் இரண்டு வாழைப்பழம், ஒரு துண்டு பப்பாளி. டிவி சத்தம் பாதி. நான் தும்முவது வாசலுக்கு வெளியே மட்டும்.

“எனக்கு ஒரு நாளாச்சும் இப்பிடிப் பழம் உரிச்சுக் குடுத்திருக்கீகளா?”

இப்படிக் கேட்டவள்தான், பொழுது சாய்ந்ததும் எனக்கு முன்னே ஜன்னலில் நிற்பாள். குட்டிகள் ஒன்றின் வாலை ஒன்று கடித்துக்கொண்டு சுவரில் ஓட, நாங்கள் இருவரும் மூச்சுவிடாமல் பார்ப்போம். பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையை முழுசாக அங்கங்கே போட்டு, காடு முழுக்க மரம் வளர்க்கிற பிராணியாம் அது. நான் இதுவரை ஒரு துளசிச் செடிகூட வைத்ததில்லை.

குட்டிகள் வளர்ந்தால் தாய் இடத்தைக் காலி செய்யும் என்பதைத்தான் பாண்டி சொல்லவில்லை. போன வாரம் வாசம் நின்றது. சரசரப்பும் நின்றது. வைத்த பழம் வைத்தபடி கறுத்தது.

பாண்டி மறுபடி டார்ச் அடித்தார். “போயிருச்சுண்ணே.”

செல்வி என் தலையைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மொட்டை போட்டேன். ஞாயிற்றுக்கிழமை தேனிக்குப் போனேன். வந்திருந்த பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் வழுக்கை.