இருபத்தெட்டு முட்டைக் கடன்

கடன் வாங்கியவர்கள் ஒளிந்துகொள்வதை அழகம்மா நிறையப் பார்த்திருக்கிறாள். கடன் கொடுத்தவர் ஒளிந்துகொள்வதை 1944-ஆம் வருஷம் மலாயாவின் கூலிம் கடைத்தெருவில்தான் முதன்முதலாகப் பார்த்தாள்.

அன்று மூன்றாவது தடவையாக அவள் பரஞ்சோதியின் மளிகைக்கடைக்கு வந்திருந்தாள். "மொதலாளி இல்லம்மா, பெண்டாங்குக்குப் போயிருக்காரு," என்றாள் அவர் மனைவி குணவதி. போன வாரமும் பெண்டாங்தான். ஆனால் பரஞ்சோதியின் செருப்பு வாசலில் கிடந்தது. உள்ளே யாரோ இருமலை விழுங்கும் சத்தம் கேட்டது. அழகம்மா படியிறங்கினாள். முந்தானையில் முடிந்திருந்த நாற்பத்திரண்டு வெள்ளிக்கான நோட்டுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, நாலு மைல் நடந்து ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பினாள்.

ஜப்பான் சண்டை வருவதற்கு முன்னால் வாங்கிய கடன் அது. இரண்டாவது மகள் பிறந்தபோது அழகம்மா மூன்று மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அவளுடைய சிவப்புக்கல் தோடு ஜோடியைப் பரஞ்சோதியிடம் அடகு வைத்து, புருஷன் இருளப்பன் முப்பது வெள்ளி வாங்கி வந்தான். பால்மரம் வெட்டி அவள் சம்பாதித்தது நாளுக்கு நாற்பது காசு. முப்பது வெள்ளி என்றால் எழுபத்தைந்து நாள் மரம் வெட்டவேண்டும். அதை அடைப்பதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார், பால் வெட்டு நின்றது. பிறகு இருளப்பனைச் சயாம் ரயில் வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். லாரியில் நின்றபடி அவன் சொன்னது ஒன்றுதான்: "அந்தக் கடன அடைச்சிரு புள்ள. பேரு கெட்டுறக்கூடாது."

அவன் போய்ச் சில மாதத்தில், இந்தக் கெடா மாநிலத்தையே சயாம்காரனுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று தோட்ட ஆபீஸ் கிராணி சொன்னார். அழகம்மாவுக்கு அது பிடிபடவே இல்லை. அவன் போனதும் சயாம், அவள் இருப்பதும் சயாம் என்றால், நடுவில் இத்தனை தூரம் எங்கிருந்து வந்தது? ஆனால் கூலிம் முச்சந்தியில் துப்பாக்கியோடு நின்றவன் அதே ஜப்பான்காரன்தான். கடையில் செல்லுபடியானதும் ஜப்பான்காரன் அச்சடித்த, வாழைமரம் போட்ட அதே நோட்டுதான்.

அவளிடம் நாலு கோழிகள் இருந்தன. மரவள்ளித் தோலும் கறையானும் தின்று முட்டை போட்டன. முன்பு மூன்று காசுக்கு விற்ற முட்டையைச் சீனன் காப்பிக்கடையில் இப்போது ஒன்றரை வெள்ளிக்கு எடுத்துக்கொண்டார்கள். வட்டியோடு சேர்த்துக் கடன் நாற்பத்திரண்டு வெள்ளி. இருபத்தெட்டு முட்டை! மூன்று வருஷம் அடைக்க முடியாமல் கிடந்த கடனை நாலு கோழிகள் ஒரு மாதத்தில் அடைத்துவிட்டன.

பக்கத்து வீட்டுப் பாப்பம்மாவுக்கு இது பெரிய வேடிக்கை.

"ஏண்டி, இன்னிக்கும் ஒளிஞ்சுக்கிட்டாரா? மாமியாரக் கண்ட மருமக மாதிரி ஓடுறாரேடி மனுஷன்!"

"எதுக்குக்கா ஓடணும்? அவரு காசத்தானே குடுக்கப் போறேன்?"

"அவரு குடுத்தது வெள்ளைக்காரன் நோட்டு. நீ நீட்டுறது அடுப்பு பத்தவைக்கிற நோட்டு. வாங்குவாரா? ஆனா வாங்க மாட்டேன்னு வாயத் தொறந்து சொன்னார்னு வையி, ஜப்பான்காரன் தலைய எடுத்துருவான்லா. அதான் வாயையே காட்டமாட்டேங்கிறாரு. நீ ஒரு வார்த்தை ஸ்டேசன்ல சொல்லு. ஓடியாந்து தோட்டைக் கையில குடுப்பாரு."

அழகம்மா தலையை ஆட்டி மறுத்தாள். ஆனால் அவளுக்குத் தோடு வேண்டியிருந்தது. காதில் போட்டுக்கொள்ள அல்ல. காதுக்கு ஈர்க்குச்சி போதும். பெண்டாங் பக்கத்திலிருந்து நெல் கொண்டுவரும் மலாய்க்காரர் நோட்டைக் கையால்கூடத் தொடமாட்டார். பொன்னோ துணியோ இருந்தால்தான் நெல். ஒரு ஜோடித் தோட்டுக்கு இரண்டு மூட்டை என்று சொல்லியிருந்தார். மாதக் கடைசியில் வருவார். வெறும் மரவள்ளி தின்று இரண்டு பெண்களுக்கும் கால் வீங்கியிருந்தது. அழுத்தினால் குழி விழுந்தது, எழவில்லை.

அன்று அவள் ரப்பர் கொட்டைகளைப் பொறுக்கி வந்து தரையில் பரப்பினாள். பழைய விலைக்கு ஒரு வெள்ளிக்கு முப்பத்து மூன்று முட்டை. முட்டைக்கு ஒரு கொட்டையாக, வெள்ளிக்கு முப்பத்து மூன்று கொட்டை என்று குவியல் குவியலாக வைத்துக்கொண்டே போனாள். ஆயிரத்தைத் தாண்டியதும் எண்ணிக்கை குழம்பியது. வீட்டில் கால் வைக்க இடமில்லை. இன்றைய விலைக்கு ஒரு மூலையில் இருபத்தெட்டுக் கொட்டைகளைத் தனியாக வைத்தாள். இதுவும் நாற்பத்திரண்டு வெள்ளி, அதுவும் நாற்பத்திரண்டு வெள்ளி. எதைக் கொடுத்தால் கடன் தீரும்? எதைக் கொடுத்தால் திருட்டு? கடைசியில் எல்லாவற்றையும் கூட்டித் தள்ளினாள்.

நாலாவது தடவை போனபோது கடைக்குள் ஒரு ஜப்பான் அதிகாரி நின்றுகொண்டிருந்தார். பரஞ்சோதி அவர் முன்னால் வளைந்து நின்று சிகரெட் டப்பாவை நீட்டிக்கொண்டிருந்தார். படியேறிய பிறகுதான் அழகம்மா கவனித்தாள். அதிகாரிக்கு முதுகைக் காட்டித் திரும்பினால் அறை விழும். அதனால் அவளும் குனிந்து வணங்கி, அப்படியே நின்றாள். முடிச்சிலிருந்து எடுத்த நோட்டுகள் கையில் இருந்தன. அதிகாரி அந்த நோட்டுகளைப் பார்த்தார். பிறகு பரஞ்சோதியைப் பார்த்தார்.

"வாம்மா, வாம்மா!" என்றார் பரஞ்சோதி. முகமெல்லாம் சிரிப்பு. நெற்றியில் வேர்வை. "உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

நோட்டுகளை எண்ணாமல் வாங்கிப் பெட்டியில் போட்டார். உள்ளே போய்த் தோட்டைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். அடகுச் சீட்டைக் கிழித்தார்.

அதிகாரி போனதும் குணவதி வாசலுக்கு வந்தாள். "நல்ல நேரம் பாத்துத்தான் வந்திருக்க. ஊமைன்னு நெனச்சோமே!"

"தெரிஞ்சு வரலக்கா."

யாரும் நம்பவில்லை. தோட்டத்தில் பாப்பம்மா லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டாள்: "நம்ம அழகம்மா இருக்காளே, ராணுவத்தையே கூட்டிட்டுப் போய்க் கடன் அடைச்சவ!" எல்லோரும் கெட்டிக்காரி என்றார்கள். தன் வாழ்க்கையில் முதன்முதலாக அந்தப் பேர் வாங்கிய நாளில் அவள் தன் பங்கு மரவள்ளியையும் பிள்ளைகளுக்கே வைத்துவிட்டாள். கடன் தீர்ந்துவிட்டது என்று மனசு சொல்ல மறுத்தது. தீரவில்லை என்றும் சொல்லவில்லை.

மாதக் கடைசியில் மலாய்க்காரர் மாட்டுவண்டியோடு வந்தார். அழகம்மா ஒரு தோட்டைக் கொடுத்தாள். அவர் ஒரு மூட்டையை இறக்கிவிட்டு, இன்னொன்று எங்கே என்று கை விரல்களால் கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். "பைத்தியமாடி ஒனக்கு?" என்று பாப்பம்மா கத்திக்கொண்டிருக்கும்போதே வண்டி போய்விட்டது.

மறுநாள் அந்த இன்னொரு தோட்டைப் பரஞ்சோதியின் மேசைமேல் வைத்தாள்.

அவர் அதைத் தொடவில்லை. "மறுபடியும் அடகா? எவ்வளவு வேணும்?"

"ஒண்ணும் வேணாம் மொதலாளி. வச்சுக்குங்க."

"ஒத்தத் தோட்டையா?" தெருவை எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "யாரு அனுப்பினா? உண்மையச் சொல்லு."

"யாரும் அனுப்பல. நீங்க குடுத்தது பழைய வெள்ளி. நான் குடுத்தது முட்டைக் காசு. எனக்குக் கணக்குத் தெரியல. பாதிக்கு நெல்லு வாங்கிட்டேன். பாதி இந்தா இருக்கு. அவரு சயாம்லேருந்து வந்து பாத்துக்குவாரு."

இவ்வளவு பேசியதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. பரஞ்சோதி தோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பெட்டியைத் திறந்து இருபத்தொரு வெள்ளி வாழைமர நோட்டை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"அப்ப பாதி கட்டிட்ட. பாதி பாக்கி. சரியா?"

"சரிங்களா?"

"என்னைக் கேட்டா? எனக்கு மட்டும் என்ன தெரியும்?"

"ரெண்டு பேரும் இப்படியே மாத்தி மாத்திக் கேட்டுக்கிட்டு நில்லுங்க," என்றாள் குணவதி உள்ளிருந்து. "வெளங்கிரும்."

பரஞ்சோதி புதுச் சீட்டு எடுத்தார். அழகம்மா பேர், ஒற்றைத் தோடு, பாக்கி இருபத்தொரு வெள்ளி என்று எழுதினார். எந்த வெள்ளி என்று எழுதப் போனவர் பேனாவை நிறுத்தினார். வெள்ளைக்காரன் வெள்ளி என்று எழுதி, அந்தச் சீட்டு யார் கையிலாவது சிக்கினால் இரண்டு பேருமே உயிரோடு திரும்பமாட்டார்கள். வாழைமர வெள்ளி என்று எழுதினால் அவர் கணக்கு போச்சு. கடைசியில் ஒன்றும் எழுதாமல் சீட்டை நீட்டினார்.

"எந்த வெள்ளின்னு நீ மனசுல வச்சுக்க. நானும் வச்சுக்கிறேன்."

அழகம்மா சீட்டை நாலாக மடித்தாள். படியிறங்கப் போனவள் நின்று, "ரெண்டு பேருல ஒருத்தரு மறந்துட்டா மொதலாளி?" என்று கேட்டாள்.

பரஞ்சோதி தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.