பைக் இன்னும் மரத்தடியில்தான் நிற்கிறது

காலையில் ஏரிக்குப் பறவை பார்க்கப் போனேன். அங்கே மழைநீரில் இயங்கும் புதுக் கழிப்பறை கட்டியிருக்கிறார்கள். மோட்டாருக்கு சோலார். நல்ல விஷயம்தான்.

ஆனால் பேனலை எந்த அறிவாளி மாட்டினானோ, கருவேல மரத்து நிழலில் மாட்டியிருக்கிறான். மரம் முழுக்கக் கொக்குக் கூடுகள், உள்ளே குஞ்சுகள்.

ஓர் ஆள் அரிவாளோடு மரத்தில் ஏறிக்கொண்டிருந்தார்.

கீழே நின்ற கான்ட்ராக்டரிடம், "எதுக்குண்ணா வெட்றீங்க?" என்றேன்.

"பேனல்ல வெயில் படணும்ல."

"பேனல கழிப்பறைக் கூரையோட எதிர்ப் பக்கத்துக்கு மாத்துங்க. நான் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர், சொல்றேன். கொஞ்சம் ஒயர் இழுத்தா போதும்."

"டிராயிங்ல பேனல் இங்கதான் இருக்கு தம்பி. டிராயிங்ல மரம் இல்ல."

பைக்கை உருட்டி வந்து, வெட்டப்போகும் கிளைக்கு நேர் கீழே நிறுத்திப் பூட்டினேன்.

"வண்டிய எடு தம்பி. கிளை விழுந்தா நான் பொறுப்பில்ல."

"நீங்க பேனல எடுங்க. நான் வண்டிய எடுக்குறேன்."

ஏறியவர் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார். கான்ட்ராக்டர் முறைத்தபடி யாருக்கோ போன் போட்டார். எனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டதால் சாவியோடு பஸ் ஏறிவிட்டேன்.

சாயங்காலம் ஏரிப் பக்கம் போகிறவர்கள் ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். பைக்குக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, அதனால் முதலில் கூட்டைப் பாருங்கள்.